கிரேஸின் கப்பலும் புஷ்பத்தின் ஐஸ் லொறியும்

1

இன்று 2009 டிசம்பர் 26, சனிக்கிழமை. காலை பதினொரு மணிக்கு, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கோர்ன்வாலில், ஒரு கடற்கரையில், ஒரு மூதாட்டியின் துவாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதை எழுதும்போது மணி மூன்று. கால்விரல்கள் இன்னும் விறைப்பு விடவில்லை.

நத்தாருக்கு மறுநாள் இந்தப் பகுதி ஆட்கள் கூட்டமாகக் கடலில் இறங்குவார்கள். குளிர் எலும்பைக் கடிக்கும். ஆனாலும் கோமாளித் தொப்பி போட்டுக்கொண்டு, கத்திக்கொண்டு ஓடி, இடுப்பளவு நீரில் ஒருமுறை முழுகிவிட்டுத் திரும்பி ஓடிவருவார்கள். காரணம் கேட்டால் எப்போதும் செய்வதுதான் என்பார்கள். அந்த மூதாட்டி ஜெனிக்கு எழுபத்தொன்பது வயது. அவரும் இறங்கினார். அவர் ஓடவில்லை, சந்தைக்குப் போகிறவரைப்போல நடந்து போனார், அதேபோல நடந்து வந்தார்.

இந்தத் திகதியில் நான் ஐந்து வருடமாகக் கடல் பக்கம் போனதில்லை. 2004இல் இதே திகதி ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறையான போயா தினம். அன்று காலை எங்கள் கடல் செய்ததை மட்டக்களப்பில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. வழக்கமாகத் துவாய் பிடிக்கும் மருமகன் இம்முறை வரவில்லை என்று ஜெனி தொலைபேசியில் சொன்னபோது தயங்கினேன். "நீ கடலைப் பார்க்க வேண்டாம். துவாயைப் பார்" என்றார்.

நீரிலிருந்து வந்து, உதடு நீலம் பாரித்து, பற்கள் அடித்துக்கொள்ள அவர் கேட்ட முதல் கேள்வி: "எழுதிவிட்டாயா?" என் தங்கை புஷ்பத்தின் கதையைத் திகதி வரிசைப்படி எழுதி வைக்கச் சொல்லி நான்கு மாதமாக நச்சரிக்கிறார். அவருடைய கதையையும் சேர்த்தால்தான் அது முழுமையாகும் என்று சொன்னேன். சேர்த்துக்கொள், ஆனால் என் வயதைக் கூட்டி எழுதாதே என்றார். கூட்டவில்லை.

2

1990இல் ஊரை விட்டு வந்தேன். ஏன் என்று எங்கள் பக்கத்து வாசகர்கள் கேட்கமாட்டார்கள். லண்டனில் இரண்டு வருடம் பெற்றோல் நிலையத்தில் நின்றேன். பிறகு கோர்ன்வாலில் ஒரு மருத்துவமனைக் களஞ்சியத்தில் வேலை கிடைத்தது. வரைபடத்தில் பார்த்தபோது ஊர் ஒரு மூலையில், மூன்று பக்கமும் கடலாக இருந்தது. பரவாயில்லை, பழக்கமான இடம்தான் என்று நினைத்தேன்.

முதல் நாள் பஸ்ஸில் ஏறினேன். சாரதி ஒரு நடுவயதுப் பெண். பற்றுச்சீட்டைத் தந்து, "தாங்க்ஸ், மை லவர்" என்றார். என் ஆங்கிலத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. மூன்று நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடந்தேன். இங்கே தபால்காரர், பாண் கடைக்காரி, பல் வைத்தியர் எல்லோருமே எல்லோரையும் அப்படித்தான் அழைக்கிறார்கள் என்று விளங்க ஒரு வாரம் எடுத்தது. என் மனைவி தேவி வந்து சேர்ந்த புதிதில் பாண் கடைக்காரி என்னை அப்படிக் கூப்பிட, தேவி வீடு வரும்வரை பேசவில்லை. அடுத்த நாள் அதே கடைக்காரி அவளையும் அப்படிக் கூப்பிட்ட பிறகுதான் எனக்குத் தேத்தண்ணி கிடைத்தது.

எங்கள் மகள் ஆரணிக்கு இப்போது பதினைந்து. இந்த ஊர்ப் பிள்ளைகளின் இழுவையோடு ஆங்கிலம் பேசுகிறாள். தமிழ் கேட்டால் விளங்கும். பதில் ஆங்கிலத்தில் வரும். புஷ்பம் தொலைபேசி எடுத்தால், "மாமி, சுகமா?" என்று கேட்டுவிட்டுக் கருவியை என் கையில் திணித்துவிட்டுப் போய்விடுவாள்.

இந்த ஊரின் நிலத்துக்கடியில் வெள்ளீயமும் செம்பும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுரங்கங்கள் ஒவ்வொன்றாகப் படுத்தபோது ஆட்கள் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் தென்னாபிரிக்காவுக்கும் போனார்கள். முதலில் ஆண் போவான், காசு அனுப்புவான், பிறகு பெண் போவாள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் கடிதம் எழுதுகிறார்கள்: எங்கள் பாட்டனும் பாட்டியும் எங்கே கலியாணம் முடித்தார்கள், தேடித் தருவீர்களா என்று. ஒரு மெதடிஸ்த தேவாலயத்தின் பின் அறையில், சனிக்கிழமைகளில் பத்திலிருந்து நான்குவரை, அந்தக் கடிதங்களுக்குப் பதில் தேடும் ஒரு சிறு குழு இருக்கிறது. ஒரு மழைநாள் ஒதுங்கப் போய் 2001இல் அதில் சேர்ந்தேன். தினமும் நாட்குறிப்பாக நாளேடு எழுதுபவன் நான். பதினாறு வயதிலிருந்து ஒருநாளும் விட்டதில்லை. பழைய பதிவேடுகளின் படச்சுருளை விளக்கின் முன் சுற்றிச் சுற்றி, மங்கிய கையெழுத்தில் ஒரு பெயர் எழும்பி வரும்போது கிடைக்கும் மகிழ்ச்சியை நாளேடு எழுதுகிறவர்கள் அறிவார்கள்.

ஒருநாள் ஆரணி ஆங்கிலத்தில் கேட்டாள்: "அப்பா, இவர்களுடைய பாட்டன்மாரை எல்லாம் தேடுகிறீர்கள். என்னுடைய பாட்டனின் தகப்பன் பெயரை எனக்கு இதுவரை சொன்னதில்லையே?" அன்றே சொன்னேன். நான்கு அசை. அவளால் இரண்டைத்தான் சரியாக உச்சரிக்க முடிந்தது.

3

அந்த அறையின் ராணி ஜெனி. பாடசாலைச் சமையற்கூடத்தில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஆயிரக்கணக்கான அட்டைகள், தேடும் ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. பென்சிலால் மட்டும் எழுதுவார். மை என்பது தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பவர்களுக்கு என்பார். எத்தனையோ ஆட்களின் முன்னோரைக் கண்டுபிடித்துக் கொடுத்த அவருக்கு, தன்னுடைய பூட்டியின் கலியாணப் பதிவு மட்டும் அகப்படவில்லை.

பூட்டியின் பெயர் கிரேஸ். கணவர் வில்லியம், செம்புச் சுரங்கத் தொழிலாளி. அவர்களுடைய குடும்ப வேதாகமத்தின் முதல் தாளில், இருவரும் 1860இல் இங்கே கலியாணம் முடித்து, பிறகு ஆஸ்திரேலியா போனதாக எழுதியிருந்தது. அவர்களுடைய பேரன் ஒருவர் இளைஞராகக் கோர்ன்வாலுக்குத் திரும்பினார். அவரே ஜெனியின் தந்தை. ஆனால் 1860இல் இந்த மாவட்டத்தின் எந்தக் கோயில் பதிவேட்டிலும் அந்தக் கலியாணம் இல்லை. ஜெனி சிறுமியாக இருந்தபோது ஓர் அத்தை, "அவர்களுக்கு எங்கே கலியாணம் நடந்தது?" என்று எல்லோர் முன்னும் சிரித்தாராம். அந்தச் சிரிப்புக்கு ஒரு தாளால் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் ஜெனி இந்தத் தேடலையே தொடங்கினார். முப்பது வருடமாகப் பதில் இல்லை.

2004 கோடையில் அந்த அட்டைகளை என்னிடம் தந்து, புதுக் கண்ணால் பார் என்றார். பார்த்தேன். இங்கிலாந்தின் கலியாணப் பதிவில் இரண்டு பக்கத்துத் தகப்பன் பெயரும் தொழிலும் எழுத இடம் இருக்கிறது. தாயின் பெயருக்கு ஒரு கோடுகூட இல்லை. குடி என்னும் வம்சம் தாய் வழியாக வருகிற ஊரில் பிறந்த எனக்கு அது ஏதோ தலையில்லாத உடம்புபோல இருந்தது. "கிரேஸின் தாய் எங்கே இருந்தார்?" என்று கேட்டேன். ஜெனிக்குத் தெரியவில்லை. அதை எந்தப் படிவமும் கேட்பதில்லை.

மட்டக்களப்பில் கலியாணம் முடித்த பெண் எங்கே இருப்பாள்? தாய் வீட்டில், அல்லது தாய் கொடுத்த வீட்டில். மாப்பிள்ளைதான் மூட்டை கட்டிக்கொண்டு வருவார். ஜெனி 1861ஆம் வருடக் குடிசனக் கணக்கெடுப்பில் வில்லியமின் பெயரில் கிரேஸைத் தேடிக் களைத்திருந்தார். நான் கிரேஸின் தாயைத் தேடினேன். இரண்டு சனிக்கிழமையில் அகப்பட்டார்: பக்கத்துச் சுரங்க ஊரில், ஒரு விதவை. அதே வீட்டில் மகள் கிரேஸ், வயது இருபது. அடுத்த கட்டத்தில், கலியாணமாகாதவள்.

வேதாகமம் சொன்ன கலியாணத்துக்கு மறு வருடம் அது. ஜெனி விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். அத்தை சொன்னது சரிதான் என்று மெதுவாகச் சொன்னார். அவர் தோற்றுப்போய் நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அப்போதுதான் நான் எங்கள் குடும்ப இரகசியத்தை அவிழ்த்தேன். இங்கேயும் அவிழ்க்கிறேன், வாசிக்கும் மாமிமார் மன்னிக்கவும். எனக்கும் தேவிக்கும் கொழும்பில் எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, முடிந்த பிறகே அவள் விமானம் ஏறினாள் என்று ஊரில் சொல்லியிருக்கிறது. உண்மையில் அவள் தனியாகவே வந்து இறங்கினாள். ஐந்தாம் நாள் இங்குள்ள பதிவு அலுவலகத்தில் கையெழுத்து வைத்தோம். கலியாணமாகாத பெண்ணைக் கடல் தாண்டி அனுப்பினார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. திகதியைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

"கிரேஸின் தாயும் அதைத்தான் செய்திருப்பார்," என்றேன். "கப்பல் போய் நின்ற துறைமுகத்தில் தேடுங்கள்."

ஜெனி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "உன் மனைவிக்கு நான் ஒரு கேக் கடன்பட்டிருக்கிறேன்" என்றார்.

அடிலெய்டில் உள்ள உறவினருக்கு எழுதினார். நவம்பரில் பதில் வந்தது. கிரேஸ் தனிப் பெண்ணாகப் பயணம் செய்திருந்தாள். மூன்று மாதத்துக்கு மேல் கடலில். கப்பல் கரை சேர்ந்த அதே வாரம், துறைமுகத்துத் தேவாலயத்தில், வில்லியமோடு கலியாணம். சாட்சிக் கையெழுத்து வைத்தவர்களில் ஒருவர், கப்பலில் தனிப் பெண்களைக் கவனித்துவந்த மேற்பார்வைப் பெண்மணி. அந்தப் பெயரைப் பயணிகள் பட்டியலோடு ஒப்பிட்டபோது ஜெனிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மூன்று மாதம் காவல் காத்தவர், இறங்கியும் விடாமல் கோயில்வரை கூடப் போய்ப் பெண்ணை ஒப்படைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். இருபது சொச்சம் வயதில், முகம் மறந்துபோயிருக்கக்கூடிய ஒருவனை நம்பி அரை உலகம் தாண்டிய அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கு இன்றும் மயிர் கூச்செறியும்.

4

அடுத்த மாதம் எங்கள் பக்கத்துக் கடல் எழும்பியது.

புஷ்பம் என்னுடைய ஒரே தங்கை. மட்டக்களப்புக்கு வடக்கே வாகரைப் பக்கத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், எங்கள் அம்மா அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில் இருந்தாள். கணவர் செல்வம் கடற்றொழில் செய்பவர். நான் அவரைக் கண்டதில்லை. 1997 ஆகஸ்டில் கலியாணம் நடந்தபோது எனக்கு ஊர் போக வழி இல்லை. ஒரு படமும் ஒரு கடிதமும் வந்தன. அன்று காலை செல்வம் வலையைப் பார்க்கக் கரைக்குப் போயிருந்தார். புஷ்பம் இரண்டு பெண் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடிப் பிழைத்தாள். செல்வம் அகப்படவில்லை. வீடும் இல்லை, அத்திவாரத்தில் பாதி இருந்தது.

27ஆம் திகதி பிற்பகல் ஜெனி எங்கள் கதவைத் தட்டினார். கையில் கேக்கும் வெற்று அட்டைக் கட்டும். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. மேசையில் உட்கார்ந்து, பென்சிலைச் சீவி, பெயர்களைச் சொல் என்றார். நான் சொன்னேன்; அவர் எழுதினார். உச்சரிப்புத் தெரியாத இடத்தில் மறுபடி கேட்டார். யாருக்கு யார் என்ன முறை என்று கேட்டார். செய்தி தெரியாதவர்களின் அட்டையில் ஒரு மூலையை மடித்தார். தொலைபேசி இணைப்புக் கிடைக்கக் கிடைக்க மூலைகளை நிமிர்த்தினோம், அல்லது திகதி எழுதினோம். ஏழு நாள் வந்தார். பக்கத்தில் நின்று பெயர்களைக் கேட்டுக்கொண்டிருந்த ஆரணி, தன் சொந்தக்காரர்களின் பெயர்களை ஒழுங்காகச் சொல்லிப் பழகியது அந்த வாரத்தில்தான்.

வீடு கட்டிக் கொடுக்க வந்த ஒரு நிறுவனம் 2005 நடுப்பகுதியில் பட்டியல் எடுத்தது. கடற்கரையிலிருந்து இருநூறு மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று சட்டம் வந்திருந்ததால் அம்மாவின் வளவு போயிற்று. உள்ளே வேறு காணி தருவார்கள். பட்டியலில் ஒரு வீட்டுக்கு ஒரு பெயர்: குடும்பத் தலைவர். தலைவர் என்றால் ஆண் என்றுதான் பட்டியல் எடுத்தவர்கள் நினைத்திருந்தார்கள். பழைய வாக்காளர் இடாப்பைப் பார்த்துச் செல்வத்தின் பெயரை எழுதினார்கள். செல்வம் இல்லை என்றதும், அவர் குடும்பத்தில் உயிரோடிருந்த அடுத்த ஆணான தம்பியின் பெயரைப் போட்டார்கள். நான் மனைவி என்று புஷ்பம் சொன்னாள். கலியாணப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். பத்திரம் கடலில் இருந்தது.

செல்வத்தின் தம்பி கெட்டவர் அல்ல. அவருடைய மனைவியின் வீடும் போயிருந்தது. மச்சாளையும் பிள்ளைகளையும் நான் பார்ப்பேன், எல்லோரும் ஒன்றாக இருக்கலாமே என்று அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். புஷ்பம் என்னிடம் தொலைபேசியில் சொன்னதை அன்றே எழுதி வைத்தேன்:

"அண்ணா, நான் வீம்புக்கு நிக்கல்ல. எங்கட ஊரில பொம்புளட வீட்டுக்குத்தான் ஆம்புள வாற. என்ட பேரில வீடு இல்லாட்டி நாளைக்கி இந்த ரெண்டு புள்ளையளுக்கும் நான் எதக் குடுக்கிற? மச்சான்ட வீட்டு மூலையில நாலு தட்டுமுட்டோட இரிக்கிறதுக்கா அம்மா எனக்கு வளவு தந்த?"

வெளியாட்கள் இதைக் கேட்டால் ஒரு வீட்டுக்கான சண்டை என்று நினைப்பார்கள். எங்கள் பெண்களுக்கு வீடு என்பது நான்கு சுவர் அல்ல. தாயிடமிருந்து வந்து மகளுக்குப் போகிற வரிசை அது. அந்த வரிசை புஷ்பத்தோடு அறுந்துவிடும் என்பதுதான் அவளுடைய பயம்.

5

கவலைப்படாதே, பதிவின் பிரதி எடுப்பது என் தொழில் என்றேன். பெருமையோடுதான் சொன்னேன். விண்ணப்பப் படிவத்தை இங்கிருந்தே நிரப்பி அனுப்பினேன். திகதி: 1997 ஆகஸ்ட், கடைசிப் புதன்கிழமை, என் நாளேட்டில் இருந்தது. இடம்: வாகரைப் பிரிவு. கலியாணம் அங்கேதானே, எங்கள் வீட்டுப் பந்தலில் நடந்தது.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. குறித்த காலத்துக்கு அப்படி ஒரு பதிவு இல்லை. அலுவலகத்தில் பிழை என்று நினைத்தேன். மறுபடி எழுதினேன். 2006 நடுவில் இரண்டாவது பதிலும் அதே. அதற்குள் வாகரையில் சண்டை மூண்டது. புஷ்பம் பிள்ளைகளோடு காடு வழியாக நடந்து வாழைச்சேனைப் பக்கத்து முகாமுக்கு வந்து சேர்ந்தபோது, நான் அனுப்பிய படிவங்கள் எல்லாம் எங்கோ ஒரு மரத்தடியில் நனைந்து கிடந்தன. ஊருக்குத் திரும்பியது 2007 நடுப்பகுதியில். நின்றுபோன வீட்டுத் திட்டம் 2008இல் மறுபடி தொடங்கியது. பழைய பட்டியலில்தான் தொடங்கியது. வருட முடிவுக்குள் பத்திரம் வராவிட்டால் வீட்டைத் தம்பியின் பெயரிலேயே கொடுத்துவிடுவோம் என்றார்கள்.

ஒரு சனிக்கிழமை ஜெனி என் கோப்பை வாங்கிப் படித்தார். படிவத்தின் ஆங்கிலப் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே வந்து, "சாட்சிகள் யார்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் முகத்தில் சமையற்கூடத்து முப்பது வருடமும் தெரிந்தது.

"பெண்ணும் மாப்பிள்ளையும் தங்கள் நினைவில் எதை வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியாது. சாட்சிக்காரன் அப்படி இல்லை. அவனுக்கு அன்று வேறு வேலை இருந்திருக்கும். அது கெட்டுப்போயிருக்கும். அவன் மறக்கமாட்டான்."

வீட்டுக்கு வந்ததும் புஷ்பத்துக்கு எடுத்தேன். எழுத்துக்கு யார் சாட்சி வைத்தது என்று கேட்டேன்.

"எந்த எழுத்துக்கு?"

"உன்ட கலியாண எழுத்துக்குத்தான் புள்ள."

"அதுவா? அது நாங்க ஐஸ் லொறியில போய் வெச்சதெல்லே."

"எங்க போன?"

"வாழைச்சேனைக்கு. அவர் பாசிக்குடாப் பக்கத்து ஆள்தானே, அங்கத்தப் பதிவுகாரர்ட்ட. இஞ்சால அந்த நேரம் பதிவுகாரர் ஆர் வந்த? பொம்புள வீட்டுக்கு வந்து எழுதுற காலமா அது? கலியாணத்துக்கு முந்தின கிழமை. மீன் ஏத்த வந்த லொறி, முன்னுக்கு இடமில்ல, அவரும் அவர்ர கூட்டாளியும் பின்னுக்கு ஐஸ் பெட்டிக்கு மேல இருந்த."

"இத ஏன் புள்ள மூணு வருஷமாச் சொல்லல்ல?"

"நீ கேட்டியா அண்ணா? கலியாணம் எப்ப எண்டுகூட நீ கேக்கல்ல. நீயேதானே எனக்குச் சொன்ன."

அவள் சொன்னது உண்மை. திகதி என்றால் நான்தான் என்ற எண்ணத்தில் நானே நிரப்பி, நானே அனுப்பினேன். இன்னொரு பிழை எங்கள் எல்லோருக்கும் பொது. எங்கள் பக்கத்தில் கலியாணம் என்றால் பெண் வீடு. மாப்பிள்ளையின் ஊரை யார் கேட்பார்கள்? ஜெனிக்குப் பெண்ணின் தாயைத் தேடு என்று சொல்லிக் கொடுத்த அதே பழக்கம், எனக்கு மாப்பிள்ளையின் ஊரை மறைத்துவிட்டது. போர் வழக்கத்தைத் தலைகீழாகத் திருப்பியிருந்தது. நான் வழக்கப்படியே தேடிக்கொண்டிருந்தேன்.

சாட்சிகளில் ஒருவரான அந்தக் கூட்டாளியையும் செல்வத்தோடு கடல் கொண்டுபோய்விட்டது. மற்றவர் லொறிச் சாரதி, ஓட்டமாவடி இஸ்மாயில் காக்கா; முஸ்லிம்களுக்கு அண்ணன் என்றால் காக்கா. எழுத்துக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்று பதிவாளர் சொல்ல, வாசலில் ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தவரை உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். எந்தப் பதிவாளர், எந்த நாள் என்று புஷ்பத்துக்கு நினைவில்லை. அடுத்த நாளே பஸ் ஏறி ஓட்டமாவடிக்குப் போய் விசாரித்து, அவருடைய வீட்டைக் கண்டுபிடித்தாள். இப்போது அவர் லொறி ஓட்டுவதில்லை. மகனின் அரிசிக் கடையில் இருக்கிறார். பதினொரு வருடத்துக்கு முந்திய ஓர் எழுத்தை நினைவிருக்கிறதா என்று இவள் தயங்கிக் கேட்க, அவர் சிரித்திருக்கிறார்.

"மறப்பனா தங்கச்சி? ஒங்கட எழுத்தால எனக்கு அன்டைக்கு ஜும்மா பிந்திப்போச்சு. பள்ளியில கடைசி வரிசையில நிண்டன். திரும்பி வந்து பாத்தா ஐஸ் பாதி தண்ணி. மொதலாளிட்ட வாங்கின ஏச்சு இன்னும் காதில இரிக்கி."

ஜும்மா என்றால் வெள்ளிக்கிழமைத் தொழுகை. கலியாணத்துக்கு முந்திய வாரத்து வெள்ளிக்கிழமை. நாள் அகப்பட்டது. எழுத்து நடந்தது மீன் சந்தைக்குப் பின்னால் பாக்கு மரம் நின்ற வீட்டில். பதிவாளரின் பெயரையும் அவரே சொன்னார். அந்தப் பதிவாளர் காலமாகிவிட்டார். அவருடைய புத்தகங்களைப் பிறகு வந்தவர் பொறுப்பேற்றிருந்தார். இஸ்மாயில் காக்கா கடையை மகனிடம் விட்டுவிட்டு, புஷ்பத்தோடு தானும் போய், நான்தான் சாட்சி என்று அங்கே சொல்லியிருக்கிறார். ஒரு வாய்த் தேத்தண்ணிகூட வாங்கிக் குடிக்கவில்லை. அன்று பொறுப்பில்லாமல் அவசரத்தில் கையெழுத்து வைத்தேன், இன்று ஆறுதலாக வைக்கிறேன் என்றாராம். 2008 நவம்பரில் பிரதி கைக்கு வந்தது.

ஜெனியிடம் சொன்னேன். ஓர் அட்டை எடுத்தார். அதில் பென்சிலால் 'இஸ்மாயில், லொறிச் சாரதி, சாட்சி' என்று எழுதி, கப்பல் மேற்பார்வைப் பெண்மணியின் அட்டைக்குப் பக்கத்தில் செருகினார். இரண்டும் ஒரே பெட்டிக்குரியவை அல்ல. அவர் இப்படி ஒழுங்கை மீறி நான் பார்த்ததில்லை.

6

2009 மே மாதம் போர் முடிந்தது என்றார்கள். அந்த நாட்களில் என் நாளேட்டில் திகதி மட்டும் இருக்கிறது. அதற்குக் கீழே எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆகஸ்டில் ஊருக்குப் போனேன். பத்தொன்பது வருடம். கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரும்போது எத்தனை சோதனைச் சாவடியில் இறக்கி ஏற்றினார்கள் என்று எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். என் தமிழைக் கேட்டுப் பக்கத்து இருக்கைக்காரர், "எந்த நாட்டில இரிக்கிற?" என்று கேட்டார். நான் ஒன்றும் மாறிப் பேசவில்லையே என்றேன். நீங்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் நன்றி சொல்கிறீர்கள் என்றார்.

புஷ்பத்தின் வீட்டுப் பத்திரம் கொடுக்கும் நாளுக்கு நான் வந்துவிட்டேன். ஒரு பாடசாலை மண்டபம். பெயர் கூப்பிடக் கூப்பிட ஆட்கள் போய் வாங்கினார்கள். செல்வத்தின் தம்பியும் வந்திருந்தார். அவருடைய மனைவியின் பெயரில் இரண்டாம் கட்டத்தில் ஒரு வீடு வருகிறதாம். மனைவி பெயரில்தான் எழுத வேண்டும் என்று கேட்டு வாங்கியவளே புஷ்பம்தான் என்று அவர் எனக்குச் சொல்லிச் சிரித்தார். புஷ்பத்தின் முறை வந்தது. மேசையில் இருந்த இளைஞன் படிவத்தைப் பார்த்தபடியே குடும்பத் தலைவர் வரவில்லையா என்று கேட்டான்.

"வந்திரிக்கிறன்" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்து, பேனையை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

திரும்பும் வழியில் அவள் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சேலைத் தலைப்பால் சுற்றி, மடியில் வைத்திருந்தாள். பார்க்கக் கேட்டபோது, வீட்டில் போய்ப் பார்க்கலாம் என்றாள். பஸ் குலுங்கியபோதெல்லாம் அவள் கை அதன் மேல் போயிற்று. வாழைச்சேனையில் இறங்கச் சொன்னேன். எனக்கு ஒரு வேலை இருந்தது. நான் புறப்படும்போது ஜெனி சொல்லியனுப்பியது: பிரதியோடு திருப்திப்படாதே, அது எழுதுவினைஞர் பார்த்து எழுதிய நகல். புத்தகத்தைத் திறந்து பார். அதில்தான் ஆட்கள் இருக்கிறார்கள்.

பதிவாளர் ஓர் அம்மா. புத்தகத்தைக் காட்ட முதலில் யோசித்தார். லண்டனிலிருந்து இதற்காகவா வந்தீர்கள் என்று கேட்டார். லண்டன் இல்லை என்று விளக்கப் போய், நிறுத்தி, ஓம் என்று தலையாட்டினேன். அலுமாரியைத் திறந்து, நீள அட்டை கட்டிய புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் தேடி, எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். படம் எடுக்கக் கூடாது என்றார்.

அடியில் நான்கு கையெழுத்து. புஷ்பத்தினுடையது பாடசாலைக் கொப்பியில் எழுதுவதைப்போல வட்ட வட்டமாக. இஸ்மாயில் காக்காவினுடையது ஓடுகிற லொறியிலிருந்து எழுதியதுபோல. கூட்டாளியினுடையது. அதற்கு மேலே செல்வத்தினுடையது. ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி, கோட்டுக்கு வெளியே போகாமல் எழுதியிருந்தார். கடைசி எழுத்தின் புள்ளி இருந்த இடத்தில் தாள் கிழிய இருந்து தப்பியிருந்தது. நான் கண்டிராத மனிதர். வலையோடும் வள்ளத்தோடும் அவர் தொட்டதெல்லாம் போன பிறகு, அவர் கை பட்ட ஒரு தாள் இங்கே ஓர் அலுமாரிக்குள் பன்னிரண்டு வருடம் பத்திரமாக இருந்திருக்கிறது. கடலும் சண்டையும் அதன் வாசலைத் தாண்டிப் போயிருக்கின்றன.

புஷ்பம் மேசைக்கு நெருங்கி வந்தாள். குனிந்து பார்த்தாள். பதிவாளர் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார். அதில் அவள் உட்கார்ந்தாள். மடியில் இருந்த உறையை எடுத்து, திரும்பிப் பாராமலே என் பக்கம் நீட்டினாள்.

"அண்ணா, இந்த வீட்டுக் கடுதாசியக் கொஞ்சம் புடி. நான் இதப் பாத்துட்டு வாறன்."